இருவர் மட்டும் ஆட ஒரு மாலை: என்ன ஆட்டம் வைக்கலாம்?

அந்திமழை (கோவை)

வரும் சனிக்கிழமை எங்கள் திருமண நாள். ஒன்பது வருடம் முடிகிறது. பையனை மாமியார் வீட்டில் விட்டுவிட்டு வருகிறோம், அதனால் சாயங்காலம் 7 மணியிலிருந்து வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான். வெளியே சாப்பிடப் போகலாம் என்றேன். "வேண்டாம், வீட்டிலேயே இருப்போம். ஆனால் டிவி போடக் கூடாது, போனைத் தொடக் கூடாது. உட்கார்ந்து ஏதாவது விளையாடலாம்" என்று சொல்லிவிட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஆடியது கல்யாணத்தன்று குடத்துக்குள் கைவிட்டு மோதிரம் தேடியதுதான். முதல் இரண்டு முறையும் அவளே எடுத்தாள். மூன்றாம் முறையும் அவள் விரலில்தான் பட்டது, எனக்குத் தெரிந்தது. ஆனால் தண்ணீருக்குள்ளேயே அதை என் கைப்பக்கம் தள்ளிவிட்டாள். மேலே இருந்தவர்கள் யாருக்கும் தெரியாது.

போன வருடம் இதே நாளுக்கு ஒரு பெரிய ஆட்டப் பெட்டி வாங்கினேன். விதிப் புத்தகம் மட்டும் 20 பக்கம். நான் அதைப் படித்து, அவளுக்குச் சொல்லி, காய்களைப் பிரித்து அடுக்கி முடிக்கும்போது மணி பத்து. பகலெல்லாம் வங்கியில் நின்றுவிட்டு வந்தவள், சோபாவிலேயே தூங்கிவிட்டாள். இந்த முறை அப்படி ஆகக் கூடாது.

விதிகளைப் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்க வேண்டும். ஆட்டம் ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அவளுக்குக் கணக்கு வேகமாக வரும், எனக்கு வராது. விட்டுக்கொடுத்து ஆடினால் அவளுக்குப் பிடிக்காது. என்ன வைக்கலாம், சொல்லுங்கள்.

மரக்காய் (சென்னை)

முதலில் ஒரு விஷயம். பெட்டியில் "2 முதல் 4 பேர்" என்று போட்டிருந்தால் அதை நம்பி வாங்காதீர்கள். நாலு பேருக்காக யோசித்த ஆட்டத்தில் இருவருக்கும் ஒரு விதி ஒட்டவைத்திருப்பார்கள், பல சமயம் அது சப்பென்று இருக்கும். இருவருக்கென்றே செய்த ஆட்டங்கள் தனி வகை. அதிலிருந்து எடுங்கள்.

என் முதல் தேர்வு பேட்ச்வொர்க். ஜெர்மனியின் ஊவே ரோசன்பெர்க் 2014இல் செய்தது. ஆளுக்கு ஒரு பலகை, 9க்கு 9 கட்டம். நடுவில் துணித்துண்டு வடிவங்கள் வட்டமாக அடுக்கியிருக்கும். பொத்தான்தான் காசு, ஆளுக்கு 5 பொத்தானோடு ஆரம்பம். துண்டுகளை வாங்கி உங்கள் பலகையில் மெத்தை தைப்பது போல் பொருத்த வேண்டும். கடைசியில் காலியாக இருக்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் 2 பொத்தான் போய்விடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது முறை மாறும் விதம். ஒருவர் ஆடி அடுத்தவர் ஆடுவது என்று இல்லை. துண்டு வாங்க வாங்க உங்கள் காய் நேரப் பாதை என்ற தனிப் பலகையில் முன்னே நகரும். அதில் யார் பின்னால் இருக்கிறாரோ அவர்தான் ஆட வேண்டும். நேரம் குறைவாகக் கேட்கும் துண்டாக எடுத்தால் இரண்டு மூன்று முறை தொடர்ந்து ஆடலாம். அதுவரை அடுத்தவர் கன்னத்தில் கைவைத்து எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். என் மனைவி ஒரு துண்டைக் கையில் எடுத்து இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, உதட்டைக் கடித்துக்கொண்டு யோசிப்பதை நான் அந்த ஆட்டத்தில்தான் முதன்முதலில் கவனித்தேன். ரவிக்கைத் துணி எடுக்கும்போதும் அதே முகம்தான்.

இரண்டாவது ஜெய்ப்பூர், 2009. இருவரும் ஜெய்ப்பூர்ச் சந்தை வியாபாரிகள். வைரம், தங்கம், வெள்ளி, துணி, மசாலா, தோல் என்று சரக்கு. உங்கள் முறையில் ஒன்று வாங்கலாம், இல்லையென்றால் விற்கலாம், இரண்டும் கூடாது. முதலில் விற்பவருக்கு விலை அதிகம். ஆனால் பொறுத்திருந்து மொத்தமாக விற்றால் கூடுதல் பரிசு. கையில் 7 அட்டைக்கு மேல் வைத்திருக்க முடியாது. அப்புறம் ஒட்டகங்கள். சந்தையில் இருக்கும் ஒட்டகங்களை மொத்தமாக அள்ளலாம், ஆனால் அள்ளினால் அந்த இடத்தில் புதுச் சரக்கு வந்து விழும், அது எதிராளிக்குப் போகும். மூன்று சுற்றில் இரண்டு வென்றால் வெற்றி. அரை மணி நேரம். வங்கியில் இருப்பவர்களுக்கு இது கையோடு ஒட்டிக்கொள்ளும்.

கூழாங்கல் (மதுரை)

மரக்காய் சொன்னது நல்ல ஆட்டங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் திருமண நாள் ராத்திரியில் ஒருவரை ஒருவர் ஜெயிக்கும் ஆட்டம் வேண்டுமா?

எங்கள் கதையைச் சொல்கிறேன். கல்யாணமான புதிதில் அவர் எனக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுத்தார். பள்ளிக்கூடத்திலிருந்தே ஆடுகிறவர். தினமும் 12 நகர்த்தலுக்குள் என் ராணி போய்விடும். "இப்படி வைத்திருக்கலாமே" என்று அன்பாகத்தான் சொல்வார். எனக்கு அது வகுப்பு மாதிரி ஆகிவிட்டது. ஒரு மாதத்தில் "தலைவலிக்கிறது" என்று சொல்லித் தப்பிக்க ஆரம்பித்தேன். பலகை பரணுக்குப் போனது.

இப்போது நாங்கள் ஆடுவது கோட்நேம்ஸ் டூயட், 2017இல் வந்தது. இருவரும் ஒரே கட்சி. மேசையில் 25 சொற்கள், ஐந்துக்கு ஐந்தாக. நடுவில் நிற்கும் அட்டையில் உங்கள் பக்கம் ஒரு வரைபடம், அவர் பக்கம் வேறு வரைபடம். எதிரே இருப்பவர் எந்தச் சொற்களைக் கண்டுபிடிக்க வேண்டும், தொடவே கூடாத கறுப்புச் சொற்கள் எவை என்று அது காட்டும். நீங்கள் ஒரு சொல்லும் ஒரு எண்ணும் மட்டும் சொல்லலாம். அதை வைத்து அவர் உங்கள் மனதில் இருக்கும் சொற்களைத் தொட வேண்டும். 9 வாய்ப்புக்குள் 15 சொற்களைக் கண்டுபிடிக்க வேண்டும். கறுப்புச் சொல்லைத் தொட்டால் இருவருக்கும் சேர்த்தே தோல்வி.

பெட்டியில் வருவது ஆங்கிலச் சொற்கள். நாங்கள் அவற்றை எடுத்து வைத்துவிட்டு, பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி அதன் பின்பக்கம் தமிழ்ச் சொற்களை எழுதிக்கொண்டோம். இதற்குத் தமிழ் அப்படியொரு பொருத்தம். மாலை என்றால் பொழுதும் உண்டு, பூமாலையும் உண்டு. திங்கள் என்றால் நிலா, கிழமை, மாதம். ஆறு என்றால் நதி, எண், காப்பி ஆறுவது. படி என்று ஒரு அட்டை எழுதினோம், அதை வைத்து மட்டும் எத்தனை வழியில் குறிப்புக் கொடுத்திருக்கிறோம் என்று கணக்கே இல்லை.

ஒருநாள் மேசையில் மழை, செருப்பு இரண்டும் இருந்தன. அவர் "குருவாயூர், இரண்டு" என்றார். வேறு யாராவது கேட்டிருந்தால் யானை, கோவில் என்று போயிருப்பார்கள், அந்த இரண்டும் மேசையிலேயே இருந்தன. நான் யோசிக்கவே இல்லை. கல்யாணமாகி முதல் தடவை குருவாயூர் போனபோது கொட்டின மழையில் என் செருப்பு அறுந்து, அவர் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பேருந்து நிலையம்வரை வெறுங்காலோடு நடந்து வந்தார். 14 வருடம் ஆகிறது. அது அவருக்கு ஞாபகம் இருக்கும் என்றே நான் நினைக்கவில்லை.

தாயக்கட்டை (தஞ்சாவூர்)

தம்பி, எனக்கு வயது 63. நீங்கள் எல்லோரும் சொல்லும் பெட்டிகளை நான் பார்த்ததில்லை. ஆனால் இருவர் ஆடும் ஆட்டத்துக்குக் கடைக்குப் போக வேண்டியதே இல்லையே. பல்லாங்குழி இருக்கிறதே.

எங்கள் காலத்தில் பெண்ணுக்குச் சீரோடு பல்லாங்குழிப் பலகையும் வைத்து அனுப்புவார்கள். என் மாமியார் வீட்டுக்கு நான் கொண்டுபோனது பலா மரத்தில் செய்த, நடுவில் மடிக்கிற பலகை. இன்னும் இருக்கிறது.

பக்கத்துக்கு 7 குழி, மொத்தம் 14. குழிக்கு 5 முத்து, ஆக 70. உங்கள் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, அடுத்தடுத்த குழியில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை காலியானதும் அதற்கு அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழி காலி என்றால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதை வழித்துக்கொள்ளலாம். அத்தோடு உங்கள் முறை முடிந்தது. இடையில் எந்தக் குழியிலாவது நான்கு சேர்ந்தால் அது பசு. குழி யார் பக்கமோ அவர் உடனே எடுத்துக்கொள்ள வேண்டும், பார்க்காமல் விட்டால் போச்சு. அடுத்த சுற்றில் தோற்றவர் தன்னிடம் இருப்பதை வைத்து எத்தனை குழி நிரப்ப முடியுமோ அத்தனை நிரப்புவார், மீதிக் குழிகள் மூடிக்கிடக்கும்.

முத்துக்குப் புளியங்கொட்டை போதும், சோழி இருந்தால் இன்னும் நல்லது. குன்றிமணி அழகாக இருக்கும், ஆனால் வீட்டில் சின்னப் பையன் இருக்கிறான் என்கிறீர்கள். அது விஷம், கடித்து விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. வேண்டவே வேண்டாம்.

நானும் எங்கள் வீட்டுக்காரரும் தாயம்தான் அதிகம் ஆடினோம். வைகுண்ட ஏகாதசிக்குக் கண்விழிக்கப் பரமபதம் ஆடுவார்கள், எங்கள் வீட்டில் அதை முடித்துவிட்டுத் தாயம். மற்ற நாளிலும் சாப்பிட்டு முடித்ததும் தரையில் சாக்கட்டியால் கட்டம் போட்டுவிடுவார். தாயம் விழும்வரை காய் இறங்காது. எனக்கு விழாமல் போனால் "இன்னொரு தடவை உருட்டு, நான் பார்க்கவில்லை" என்பார். வெட்டும் இடத்தில் வெட்டாமல் வேறு காயை நகர்த்துவார். பித்தளைத் தாயக்கட்டை இரண்டும் கைப்பட்டுக் கைப்பட்டுப் புள்ளியே தேய்ந்துவிட்டது. அவர் போய் 4 வருடம் ஆகிறது. இப்போதும் சில நாள் எடுத்து உருட்டிப் பார்ப்பேன், சத்தம் கேட்க.

வெண்ணாறு (மன்னார்குடி)

அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எதுவும் எழுத முடியவில்லை.

கூழாங்கல் அவர்கள் சதுரங்கத்தை ஒதுக்கியதால் ஒன்று சொல்கிறேன். எங்கள் ஊர்ப்பக்கம் பூவனூரில் இருக்கும் சுவாமியின் பெயரே சதுரங்க வல்லபநாதர். சதுரங்கத்தில் யாராலும் வெல்ல முடியாத ராஜகுமாரியைச் சிவன் மாறுவேடத்தில் வந்து ஆடி வென்று மணந்துகொண்டார் என்பது தலபுராணம். எல்லோராக் குகைச் சிற்பங்களிலும் சிவனும் பார்வதியும் உட்கார்ந்து பகடை ஆடுகிறார்கள். கணவனும் மனைவியும் போட்டி போட்டு ஆடுவது நம்மிடம் புதிது இல்லை. போட்டியே வேண்டாம் என்று ஒதுக்க வேண்டியதில்லை.

திறமை வித்தியாசம்தான் பிரச்சினை என்றால் ஆடு புலி ஆட்டம் பாருங்கள். 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. இருவருக்கும் வேறு வேறு வேலை. புலி தாண்டி வெட்ட வேண்டும், ஆடுகள் புலியை நகரவிடாமல் அடைக்க வேண்டும். ஆடு வைத்திருப்பவருக்கு முதலில் கஷ்டமாக இருக்கும், பத்து ஆடு பலகையில் இறங்கிய பிறகு புலிக்கு மூச்சு முட்டும். ஒரு ஆட்டம் முடிந்ததும் பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள். யார் கெட்டிக்காரர் என்ற பேச்சே வராது.

பனிப்பூ (டொராண்டோ)

யாழ்ப்பாணத்தில் நாங்கள் கரம் போர்ட் என்போம், என் மனுசி சென்னை, அவ கேரம் என்பா. மரிய இருதயத்தின் ஊர்க்காரி என்று பெருமையும் அடிப்பா, அவர் உலகப் பட்டம் வென்றவர்தானே. இங்கே ஆறு மாதம் குளிர். வெள்ளிக்கிழமை இரவு மகள் படுத்த பிறகு போர்டை எடுத்துப் பவுடர் தூவினால் 11 மணிவரை போகும்.

விதி விளங்கப்படுத்தத் தேவையில்லை, அதுதான் இதன் பெரிய வசதி. கை வேலை செய்யும், வாய் சும்மா இருக்கும். எனவே கதை வரும். வேலையிடத்தில் நடந்த மனக்கஷ்டத்தை அவ என்னிடம் முகம் பார்த்துச் சொன்னது குறைவு. ஸ்ட்ரைக்கரை வைத்துக் குறிபார்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொல்லுவா. நானும் காயைப் பார்த்துக்கொண்டே கேட்பேன்.

அந்திமழை

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. தாயக்கட்டை அம்மா, உங்கள் பதிவை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். கோபிச்செட்டிபாளையத்தில் அவளுடைய அம்மாயி (அம்மாவின் அம்மா) வீட்டில் பல்லாங்குழி ஆடியதாகச் சொன்னாள். இத்தனை வருடத்தில் எனக்கு இது தெரியாது.

ஜெய்ப்பூர் ஆர்டர் போட்டேன். வந்தது நகல். அட்டை மெல்லியது, தோலும் மசாலாவும் ஒரே பழுப்பு நிறத்தில் அடித்திருந்தார்கள், ஒட்டகம் ஒன்று குறைந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன், சனிக்கிழமைக்குள் வேறு வராது. பல்லாங்குழிப் பலகை இங்கே இரண்டு கடையில் கேட்டேன், இல்லை. முட்டை அட்டையில் ஆடலாமா?

மரக்காய்

விலை பாதிக்கும் கீழே இருந்தால் நகலாகத்தான் இருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டை அட்டையில் வரிசைக்கு 6 குழிதான் வரும், 7 வராது.

விட்டுக்கொடுப்பது பற்றி. தெரியாமல் விட்டுக்கொடுத்தால்தான் கோபம் வரும். ஆரம்பிக்கும் முன்பே வெளிப்படையாக "எனக்கு இரண்டு குழி கூடுதல்" என்று பேசி வைத்துக்கொண்டால் அது விதியாகிவிடும். அப்புறம் இருவருமே முழு மூச்சாக ஆடலாம். போட்டியை ஒதுக்க வேண்டியதில்லை என்று வெண்ணாறு சொன்னதோடு நான் முழுக்க உடன்படுகிறேன். ஜெயிக்க முயற்சி செய்யாத ஆளோடு ஆடுவதுபோல் சலிப்பு வேறில்லை.

கூழாங்கல்

சரி, ஆடு புலிக்கு நான் ஒத்துக்கொள்கிறேன். சதுரங்கத்துக்கு இன்னும் இல்லை.

இன்னொன்று. மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து ஆடலாம் என்று ஆசைப்படாதீர்கள். லாஸ்ட் சிட்டீஸ் என்று ஒரு நல்ல இருவர் சீட்டாட்டம் இருக்கிறது, ஐந்து நிறம். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மஞ்சளும் வெள்ளையும் ஒன்றுபோலத் தெரிந்து நாங்கள் ஒரு ஆட்டத்தையே கலைக்க வேண்டியதாகிவிட்டது. சாப்பிட முறுக்கு, பஜ்ஜி வேண்டாம், அட்டையெல்லாம் எண்ணெய். திராட்சை, வறுத்த முந்திரி வையுங்கள். பந்தயம் வைத்தால் காசு வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் தோற்றவர் மறுநாள் ஃபில்டர் காபி போட்டுப் படுக்கைக்குக் கொண்டுவர வேண்டும்.

நள்ளிரவுத் தேநீர் (திருச்சி)

ஆட்டத்துக்கு நடுவே பேச்சு வர வேண்டும் என்றால் கேள்விச் சீட்டு சேர்த்துக்கொள்ளலாம். 1997இல் உளவியலாளர் ஆர்தர் ஆரனும் உடன் ஆய்வாளர்களும் 36 கேள்விகள் அடங்கிய வரிசை ஒன்றை வெளியிட்டார்கள். முன்பின் தெரியாத இருவர் மாறி மாறிப் பதில் சொல்லிக்கொண்டே நெருங்கிவர வேண்டும் என்பதற்காகச் செய்தது. லேசாகத் தொடங்கிப் போகப்போக ஆழமாகும். அதே மாதிரி நீங்களே பத்து எழுதி மடித்து ஒரு டப்பாவில் போடுங்கள். பசு எடுக்கும்போதெல்லாம் எதிராளி ஒரு சீட்டை எடுத்துப் பதில் சொல்ல வேண்டும். "எனக்குத் தெரியாமல் நீ பயந்த நாள் எது" மாதிரி. இதில் மட்டும் ஒரு எச்சரிக்கை: பழைய சண்டையைக் கிளறும் கேள்வி ஒன்றுகூட வேண்டாம்.

அந்திமழை

நேற்று ராத்திரி ஆடினோம். பல்லாங்குழிதான்.

பலகைக்கு அவளே வழி கண்டுபிடித்தாள். கார்த்திகைக்கு வாங்கிப் பரணில் வைத்திருந்த அகல் விளக்குகளை இறக்கித் துடைத்து, மேசையில் பக்கத்துக்கு 7 என்று இரண்டு வரிசையாக அடுக்கினாள். புளியங்கொட்டை பக்கத்து மளிகைக் கடையில் கேட்டதும் சும்மாவே கொடுத்துவிட்டார். அகலில் கொட்டை விழும்போது மண்ணுக்கே உரிய ஒரு சத்தம். விரலெல்லாம் பழைய நல்லெண்ணெய் வாசம்.

முதல் சுற்றில் எனக்கு 22, அவளுக்கு 48. என்னுடைய பசுக்களை நானே பார்க்காமல் விட்டேன். அவள் கொட்டையை எண்ணுவதே இல்லை, அகலை ஒரு பார்வை பார்த்து எங்கே போய் முடியும் என்று சொல்லிவிடுகிறாள். ரூபாய் நோட்டு எண்ணும் அதே கை, விரலிடுக்கிலிருந்து ஒவ்வொன்றாகச் சரியாக விழுகிறது. நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேள்விச் சீட்டும் வைத்தோம். நான் எழுதியிருந்த கேள்வி ஒன்று: "குடத்தில் மோதிரத்தை ஏன் என் பக்கம் தள்ளினாய்?" அவள் சீட்டைப் பிரித்துப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமா!" என்றாள். அவ்வளவு கூட்டத்தில் என் சித்தப்பா பக்கத்தில் நின்று "பையன் ஒன்றுக்கும் ஆக மாட்டான் போலிருக்கே" என்று சொன்னாராம். அது அவளுக்குப் பொறுக்கவில்லையாம். அன்று என்னைத் தெரிந்து அவளுக்கு மூன்று மாதம்தான்.

இரண்டாம் சுற்றில் ஒரு சிக்கல். வழிக்கும்போது எதிர்ப்பக்கத்து அகலையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்கிறாள். அம்மாயி அப்படித்தான் ஆடுவாராம், குழிக்கு 6 முத்தாம். ராத்திரி 10 மணிக்கு என் மாமியாரைக் கூப்பிட்டுக் கேட்டோம். போனைத் தொடக் கூடாது என்ற சட்டத்தை அவளே மீறினாள். மாமியாருக்கும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் அரை மணி நேரம் அம்மாயியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஆட்டம் பாதியில் நிற்கிறது. அகல்களைக் கலைக்காமல் மேசையிலேயே வைத்திருக்கிறோம், இன்று பையன் வருவதற்குள் முடிக்க வேண்டும்.

தாயக்கட்டை அம்மா, எதிர்க்குழியை எடுப்பது உண்டா?

தாயக்கட்டை

உண்டு தம்பி. ஊருக்கு ஊர் மாறும். எங்கள் பக்கம் சில வீடுகளில் எதிர்க்குழியும் சேர்த்துத்தான் வழிப்பார்கள். உங்கள் வீட்டில் அம்மாயி ஆட்டமே இருக்கட்டும். குழிக்கு 6 என்றால் 84 வேண்டும், இன்னும் 14 புளியங்கொட்டை வாங்கி வையுங்கள். இரண்டு மூன்று கூடவே இருக்கட்டும், சோபாவுக்கு அடியில் உருண்டுவிடும்.